வோல்க்ஸி (ஃபோக்ஸ்வாகன் பீட்டில்) எஞ்சினைப் பெரிதாக்கும் வரிசை: கார்புரேட்டர் கடைசியில்

சனிக்கிழமை காலையில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுக் கொல்லைக்கு வரும் பையன்களில் பாதிப்பேர் கையில் ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். உள்ளே இரட்டை கார்புரேட்டர், அதாவது பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். "அண்ணா, இது மலிவா கிடைச்சது. இனி எஞ்சினை என்ன செய்யலாம்?" என்பார்கள். நிலைக்கதவை வாங்கிவிட்டு மனை தேடுகிற கதைதான்.

பீட்டில் காரின் எஞ்சினில் எந்தப் பாகத்தை மாற்றலாம் என்பதைவிட, எந்த வரிசையில் முடிவெடுக்கிறோம் என்பதே முக்கியம். கேஸ் (எஞ்சினின் வெளிக்கூடு) எவ்வளவு தாங்கும், சூடு எவ்வளவு வெளியேறும், கார் எந்த மேட்டில் ஏறும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகு எஞ்சினின் அளவு (சிசி) தானாக முடிவாகும். அளவு முடிவானால் கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), கேம் முடிவானால் கார்புரேட்டர். தலைகீழாகப் போனால் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும்.

இங்கே பட்டறைப் பேச்சு முக்கால்வாசி இங்கிலீஷ்தான். அதனால் பாகங்களின் பெயரை அப்படியே எழுதுகிறேன். கடையில் கேட்டு வாங்கும்போது அதுதான் உதவும்.

1. கார் எங்கே ஓடப்போகிறது?

ஒரு தாளில், கடந்த ஆறு மாதத்தில் கார் எங்கெல்லாம் போனது என்று எழுதுங்கள். எங்கே போக ஆசைப்படுகிறீர்கள் என்று எழுதவேண்டாம். ஆசைக்கு எஞ்சின் கட்டியவர்களின் கார்கள் கராஜில் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குகின்றன.

வேலைக்கும் கோயிலுக்கும் கடற்கரைக்கும் போய்வரும் காருக்கு, ரோபோவில் (டிராஃபிக் சிக்னலில்) நின்று கிளம்பும்போது கீழ்ச் சுற்றிலேயே இழுவை வேண்டும். பைன்டவுனிலிருந்து ஃபீல்ட்ஸ் ஹில்லில் நான்கு பேரோடு ஏறுகிற காருக்கு நிமிடத்துக்கு 2,500 முதல் 3,500 சுற்று வரை மூச்சு முட்டாத எஞ்சின் வேண்டும். 6,000 சுற்றில் சக்தி காட்டும் எஞ்சின் இந்த இரண்டுக்கும் உதவாது. கம்பெனியில் செய்த 1600 எஞ்சினே 50 குதிரைசக்தியை 4,000 சுற்றில்தான் தருகிறது, இழுவையின் உச்சம் 2,800 சுற்றிலேயே வந்துவிடுகிறது. சாலைக் காருக்கு அந்தக் குணத்தைக் கெடுக்காமல் பெரிதாக்குவதே புத்திசாலித்தனம்.

என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோஹன்னஸ்பர்க் அடிக்கடி போவீர்களா? அப்படியானால் உயரத்தையும் கணக்கில் சேருங்கள். அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். டர்பனில் 50 குதிரை காட்டும் எஞ்சின் அங்கே போய்ச் சேரும்போது 41 குதிரைதான். மெலிந்த காற்றுக்குச் சூட்டை அள்ளிப்போகும் திறனும் குறைவு. "அங்கே குளிராகத்தானே இருக்கும், எஞ்சின் சூடாகாது" என்று நினைத்து வான் ரீனன் கணவாயில் நின்றுபோனவர்களை எனக்குத் தெரியும்.

2. இப்போது கையில் இருப்பது என்ன?

ஜெனரேட்டர் ஸ்டாண்டுக்குக் கீழே கேஸில் எஞ்சின் எண் அடித்திருக்கும். ஜெர்மன் வரிசையில் எஃப் என்று தொடங்கினால் 1300, எச் என்றால் 1500, ஏடி என்றால் 1600 டூயல் போர்ட். ஆனால் எழுத்து சொல்வது கேஸின் பிறப்பை மட்டுமே. ஐம்பது வருடத்தில் உள்ளே யார் என்ன வைத்தார்கள் என்பதை அது சொல்லாது. 1300 எண்ணோடு 1600 பிஸ்டன் இருந்ததையும் பார்த்திருக்கிறேன், அதற்கு நேர்மாறாகவும் பார்த்திருக்கிறேன். பின்னதுதான் அதிகம்.

ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) சிங்கிள் போர்ட்டா டூயல் போர்ட்டா, அதாவது கலவை உள்ளே போக ஒரு வாயா இரண்டு வாயா என்று அறிய எதையும் கழற்றவேண்டாம். கார்புரேட்டரிலிருந்து வரும் மேனிஃபோல்டு குழாய் ஒவ்வொரு ஹெட்டிலும் ஒரே ஓட்டையில் போய் முடிந்தால் சிங்கிள். இரண்டாகப் பிரிந்து உட்கார்ந்தால் டூயல். சிங்கிள் போர்ட் ஹெட்டை வைத்துக்கொண்டு பெரிய சிலிண்டர் போடுவது, குடம் தண்ணீரை ஸ்ட்ரா வைத்து உறிஞ்சுவது மாதிரி.

இந்தக் கட்டத்திலேயே காரின் பதிவுச் சான்றிதழை எடுத்து, அதில் உள்ள எஞ்சின் எண்ணும் கேஸில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இல்லையென்றால் ஒரு ராண்ட் செலவழிப்பதற்கு முன் அதைச் சரிசெய்யுங்கள். வேறு கேஸ் போட்டால் பதிவு அலுவலகத்தில் எண்ணை மாற்றவேண்டும், அதற்குப் போலீஸ் கிளியரன்ஸ் வேண்டும். ஸ்கிராப் யார்டில் ரசீது இல்லாமல் வாங்கிய கேஸ், அல்லது எண்ணைத் தேய்த்த கேஸ், எவ்வளவு நல்ல நிலையில் இருந்தாலும் வேண்டாம்.

3. முன்கூட்டியே சேர்க்கவேண்டியவை

ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், கம்ப்ரெஷன் கேஜ், டைமிங் லைட், காந்தக் காலுள்ள டயல் கேஜ். கூடவே மருந்துக் கடையில் கிடைக்கும் பெரிய சிரிஞ்ச் ஒன்று, ஹெட்டின் குழிவை அளப்பதற்கு. டயல் கேஜைத் தவிர எதையும் கடன் வாங்கவேண்டாம், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

பணத்தைப் பற்றி ஒரே வார்த்தை. கையில் இருப்பதில் பாதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதிப் பாதிக்குத் திட்டம் போடுங்கள். கேஸைப் பிரித்ததும் அந்த முதல் பாதி போய்விடும்.

4. கேஸைச் சோதித்த பிறகே கனவு

எஞ்சின் காரிலேயே இருக்கட்டும். அணைத்துவிட்டு, பின்னால் உள்ள கிராங்க் புல்லியை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டின் முனையில் உள்ள சக்கரம்) இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துத் தள்ளுங்கள். 'டொக் டொக்' என்று கையில் தெரிந்தால் அந்தக் கேஸ் களைத்துவிட்டது. சரியான அளவு தெரிய டயல் கேஜை வைத்துப் பாருங்கள். 0.07 முதல் 0.13 மிமீ வரை இருக்கலாம், 0.15-ஐத் தாண்டினால் பிரித்தே ஆகவேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? பீட்டிலின் கேஸ் மெக்னீசியக் கலவை. இலேசானது, ஆனால் மென்மையானது. மெயின் பேரிங் உட்காரும் இடத்தைக் கிராங்க் ஆண்டுக்கணக்கில் அடித்து அடித்து முட்டை வடிவமாக்கிவிடும். அந்த இடத்தில் புது பேரிங் வைத்தாலும் ஆயில் அழுத்தம் நிற்காது. அலைன் போர் செய்து, அதாவது அந்த இடங்களை மறுபடி நேராக, வட்டமாகக் கடைந்து, அடுத்த அளவு பேரிங் போடவேண்டும். ஏற்கெனவே இரண்டு மூன்று முறை அலைன் போர் ஆன கேஸ் என்றால் அதில் பெரிய எஞ்சின் கட்டாதீர்கள்.

அடுத்தது கம்ப்ரெஷன். எஞ்சின் சூடாக இருக்கும்போது, த்ராட்டிலை முழுக்கத் திறந்து வைத்து, நான்கு சிலிண்டரையும் சோதியுங்கள். எண்ணைவிட வித்தியாசத்தைப் பாருங்கள். மூன்று ஒரே மாதிரியும் ஒன்று மட்டும் தாழ்ந்தும் இருந்தால் வால்வு அல்லது ரிங்கில் குறை. அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் ஊற்றி மறுபடி பார்த்தால் கேஜ் ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

கேஸைப் பிரித்த பிறகு மூன்றாம் சிலிண்டருக்குப் பின்புறமும் ஃப்ளைவீல் பக்கமும் நன்றாகக் கழுவி, வெளிச்சத்தில் விரிசல் தேடுங்கள். ஹெட்டைக் கேஸோடு பிடிக்கும் ஸ்டட் (மரைக் கம்பி) துளைகளையும் பாருங்கள். பழைய 10 மிமீ ஸ்டட்கள் மென்மையான கேஸிலிருந்து மரையோடு பிடுங்கிக்கொண்டு வரும். கேஸ் சேவர் என்ற எஃகு மரை வைத்து 8 மிமீ ஸ்டட் போடுவது நிரந்தரத் தீர்வு. 8 மிமீ ஸ்டட்டுக்கு 18 அடி-பவுண்டு, 10 மிமீக்கு 23. "இன்னும் கொஞ்சம்" என்று கையால் முறுக்குகிறவர்களால்தான் பாதிக் கேஸ்கள் குப்பைக்குப் போகின்றன.

5. சூடு: இதைத் தீர்க்காமல் ஒரு குதிரையும் சேர்க்காதீர்கள்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போக எல்லோருக்கும் ஆசை இருக்கும். நானும் தாண்டிப் போனவன்தான். என் முதல் 1776 சிசி எஞ்சின் ஒரு பிப்ரவரி மதியம் போத்தாஸ் ஹில்லில் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வைக் கீழே விட்டது. பிரித்துப் பார்த்தபோது பிஸ்டனில் வால்வுத் தலை பதிந்திருந்தது. காரணம் எஞ்சின் அல்ல. எஞ்சின் அறையைச் சுற்றியுள்ள ரப்பர் சீலை நான் பொருத்தவில்லை, "அப்புறம் போடலாம்" என்று விட்டிருந்தேன்.

பீட்டிலின் எஞ்சின் அறை இரண்டு மாடி வீடு. தகடுகளுக்கு மேலே குளிர்ந்த காற்று, கீழே எக்ஸாஸ்ட்டும் சுட்ட காற்றும். ஃபேன் மேல்மாடியிலிருந்து காற்றை இழுத்து, சிலிண்டர்கள் மேல் தள்ளி, கீழ்மாடிக்கு அனுப்புகிறது. தகடுகளுக்கும் பாடிக்கும் நடுவில் உள்ள ரப்பர் சீல் இல்லாவிட்டால், கீழே போன சுட்ட காற்று மறுபடி மேலே ஏறி ஃபேனுக்குள் போகும். எஞ்சின் தன் மூச்சையே திரும்ப இழுத்துக்கொண்டிருக்கும்.

ஆகவே, வரிசையாக:

எல்லாத் தகடுகளும் இருக்கின்றனவா பாருங்கள். சிலிண்டர்களுக்கு அடியில் வளைந்து பிடிக்கும் சிறிய தகடுகள்தான் அதிகம் காணாமல் போகும், ஏனென்றால் வெளியே தெரியாது. காற்றைச் சிலிண்டரின் அடிப்பக்கமும் சுற்றிப்போக வைப்பவை அவைதான். பளபளக்கும் குரோம் தகடு செட்களில் பல சரியாக உட்காராது. பழைய கறுப்புத் தகட்டைச் சுரண்டி பெயின்ட் அடித்துப் போடுவதே மேல்.

ஹீட்டர் நமக்கு வேண்டாம் என்று ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கழற்றிவிட்டு வெறும் ஜே டியூப் (வளைந்த எக்ஸாஸ்ட் குழாய்) போடுவார்கள். டர்பனில் அதில் குற்றமில்லை. ஆனால் ஃபேன் ஷ்ரவுடிலிருந்து (ஃபேனை மூடிய தகட்டுக் கூடு) ஹீட்டருக்குப் போகும் இரண்டு பெரிய குழாய் வாய்களையும் மூடியே ஆகவேண்டும். திறந்து விட்டால் சிலிண்டருக்குப் போகவேண்டிய காற்று அந்த வழியாக ஓடிவிடும்.

ஷ்ரவுடுக்குள் இருக்கும் தெர்மோஸ்டாட் ஃபிளாப்புகளை "நம்ம ஊர் வெயிலுக்கு எதற்கு" என்று பிடுங்கி எறிகிற பழக்கம் இங்கே உண்டு. அவை காற்றைத் தடுப்பவை மட்டுமல்ல, இரண்டு பக்கமும் பங்கிட்டு அனுப்பவும் உதவுகின்றன. தெர்மோஸ்டாட் பழுதானால் ஃபிளாப் திறந்த நிலைக்குத்தான் போகும், அதனால் பயமில்லை. எஞ்சின் சீக்கிரம் வேலைச் சூட்டுக்கு வருவதால் தேய்மானமும் குறையும். இருந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

1971 மாடலுக்கு முந்தைய ஷ்ரவுடில் ஆயில் கூலர் உள்ளேயே நிமிர்ந்து நிற்கும். மூன்றாம் சிலிண்டருக்குப் போகும் காற்று அதைத் தாண்டித்தான் போகவேண்டும், அதுவும் சூடாகி. அந்தச் சிலிண்டர் எப்போதும் முதலில் சாவதற்கு இதுதான் காரணம். பிறகு வந்த டாக்ஹவுஸ் ஷ்ரவுடில் கூலரை ஷ்ரவுடுக்கு வெளியே தள்ளி, அதன் சுடுகாற்றுக்குத் தனி வழி விட்டார்கள், ஃபேனும் அகலமானது. பழைய ஷ்ரவுடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் மேம்பாடு இதுதான். முழு செட்டாக வாங்குங்கள். ஷ்ரவுடு மட்டும் வாங்கி, பழைய ஒல்லி ஃபேனைப் போட்டுவிட்டு வந்து நிற்காதீர்கள்.

இனி ஆயில். இந்த எஞ்சினில் இருப்பது 2.5 லிட்டர்தான். கம்பெனி கொடுத்தது வெறும் வலைச் சல்லடை, ஃபில்டர் இல்லை. புதிதாகக் கட்டும் எஞ்சினில் ஃபுல் ஃப்ளோ ஃபில்டருக்கு (எல்லா ஆயிலும் கடந்துபோகும் ஃபில்டர்) வழி செய்துவிடுங்கள். கேஸைப் பிரித்திருக்கும்போது துளை போட்டு மரை வெட்டுவது எளிது, பூட்டிய பிறகு செய்தால் சீவல் உள்ளே விழும். அதே குழாய் வழியில் வெளியே ஒரு கூலரும் சேர்க்கலாம். 1776-க்கு மேலே போகிறவர்களுக்கு அது தேவை. காற்று படுகிற இடத்தில், மின்விசிறியோடு மாட்டுங்கள். எஞ்சின் அறைக்குள்ளே மாட்டினால் அதன் சூட்டை ஃபேனே மறுபடி இழுக்கும்.

கூடுதலாக 1.5 லிட்டர் பிடிக்கும் டீப் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் மாட்டும் ஆயில் தொட்டி) நல்ல பொருள்தான். ஆனால் தாழ்த்திய காரில் போட்டுவிட்டு நம் தெருக்களின் வேகத்தடைகளைத் தாண்ட முயன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் தெருவில் ஒரு நீண்ட ஆயில் கோடு இன்னும் இருக்கிறது.

பின்மூடியைக் கம்பி வைத்துத் தூக்கி நிறுத்துவது பார்க்க அழகு. வேகத்தில் போகும்போது அது காற்றோட்டத்தை எப்படிக் குழப்பும் என்று சொல்ல முடியாது. மூடியே வையுங்கள், வேண்டுமானால் காற்றுத் துளைகள் உள்ள மூடியைத் தேடுங்கள்.

6. அளவைத் தேர்ந்தெடுப்பது

இப்போதுதான் அளவு. பீட்டில் 1600-இல் சிலிண்டர் விட்டம் 85.5 மிமீ, பிஸ்டன் போய்வரும் தூரம் 69 மிமீ, மொத்தம் 1,584 சிசி. 1300, 1500 எல்லாவற்றிலும் அதே 69 மிமீ கிராங்க்தான். ஆகவே 1300 வைத்திருப்பவருக்கு முதல் நியாயமான படி 1600 டூயல் போர்ட். அதைப் பலர் அவமானமாக நினைக்கிறார்கள். சரியாகக் கட்டிய 1600, அவசரத்தில் கட்டிய 1915-ஐ ஃபீல்ட்ஸ் ஹில்லில் முந்தும்.

87 மிமீ போட்டால் 1,641 சிசி. 1600 கேஸில் கடைசல் வேலை இல்லாமல் அப்படியே இறங்கும். அதுதான் அதன் கவர்ச்சி, அதுவே அதன் குறையும். சிலிண்டர் சுவர் மெலிந்துவிடுகிறது. சாதாரண ஓட்டத்துக்குப் பரவாயில்லை. இதே மாதிரி இறங்கும் 88 மிமீ செட்டை மட்டும் யார் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். சுவர் இன்னும் மெல்லியது, சூட்டில் உருண்டை வடிவம் நிற்காது, ஆயில் குடிக்கத் தொடங்கும்.

90.5 மிமீ போட்டால் 1,776 சிசி. கேஸையும் ஹெட்டையும் கடைந்து வாயை அகலப்படுத்தவேண்டும். ஆனால் சுவர் தடிமன் நிம்மதியானது. டர்பனில் தினமும் ஓட்டி, வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஜோஹன்னஸ்பர்க் போய்வருகிற காருக்கு நான் சொல்வது இதுதான், வேறு யோசனையே இல்லை. 94 மிமீ என்றால் 1,915. அதுவும் நன்றாக ஓடும், ஆனால் சூட்டுக்குச் செய்யவேண்டிய வேலை கூடும். நடுவில் இருக்கும் 92 மிமீயில் இரண்டு ரகம் உண்டு. 90.5 துளையில் இறங்கும் மெல்லியது ஒன்று, 94-க்குக் கடைந்த துளையில் இறங்கும் தடித்தது இன்னொன்று. முதல் ரகத்தைத் தவிருங்கள்.

கிராங்கை நீட்டி 74 அல்லது 76 மிமீ ஆக்கலாமா? 94 மிமீ சிலிண்டரோடு 76 மிமீ கிராங்க் சேர்ந்தால் 2,110 சிசி. கேஸின் உள்பக்கத்தைச் செதுக்கி இடம் விடவேண்டும், கனெக்டிங் ராட் கேமில் உரசுகிறதா என்று சுற்றிச் சுற்றிப் பார்க்கவேண்டும். முதல் எஞ்சினுக்கு இது வேண்டாம்.

69 மிமீயிலேயே நின்றாலும் கிராங்கில் ஒரு முடிவு எடுக்கவேண்டும். கம்பெனி கிராங்கில் எதிர் எடை இல்லை. 4,500 சுற்றுக்கு மேல் அடிக்கடி போனால் அது வளைந்து நடு பேரிங்கை அடிக்கும், நாலாவது பகுதியில் சொன்ன முட்டை வடிவம் மறுபடி வரும். எதிர் எடை வைத்த கிராங்க், ஃப்ளைவீலைப் பிடிக்க நாலு டவல் ஆணிக்குப் பதில் எட்டு. சக்தி கூடாது, ஆயுள் கூடும். பணம் இருந்தால் கார்புரேட்டருக்கு முன் இதற்குக் கொடுங்கள்.

கேஸைக் கடையக் கொடுக்கும்போது உங்கள் சிலிண்டர் செட்டையும் கையோடு கொண்டுபோங்கள். "94-க்குத் துளை போடு" என்று வாயால் சொல்லிவிட்டு வந்து, மறுவாரம் தளரும் சிலிண்டரோடு நின்றவர் ஒருவருக்கு மேல் உண்டு. பட்டறை, உங்கள் சிலிண்டரை அளந்து கடையட்டும்.

7. கம்ப்ரெஷன் கணக்கு: பெட்ரோல் எது, ஊர் எது?

சிலிண்டரைப் பெரிதாக்கி, ஹெட்டின் குழிவைத் தொடாமல் விட்டால் கம்ப்ரெஷன் (கலவை எத்தனை மடங்கு நசுங்குகிறது என்ற விகிதம்) ஏறிவிடும். இதை யாரும் சொல்லமாட்டார்கள். எஞ்சின் முதல் மாதம் கலக்கலாக இழுக்கும், இரண்டாம் மாதம் மேட்டில் 'கிணுகிணு' என்று தட்டும், பிறகு பிஸ்டன்.

அளப்பது எளிது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது சிலிண்டர் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று நேர்ச்சட்டமும் ஃபீலர் கேஜும் வைத்துப் பாருங்கள். அதுதான் டெக் ஹைட். ஹெட்டின் குழிவைக் கண்ணாடித் தகட்டால் மூடி, சிரிஞ்சில் மெல்லிய ஆயிலை நிரப்பி எத்தனை சிசி பிடிக்கிறது என்று குறியுங்கள்.

1776-ஐ எடுத்துக்கொள்வோம். ஒரு சிலிண்டருக்கு 444 சிசி. ஹெட் குழிவு 50 சிசி, டெக் ஹைட் 1.5 மிமீ என்றால் அந்த இடைவெளி 9.6 சிசி. இரண்டும் சேர்ந்து 59.6. 444-ஐயும் 59.6-ஐயும் கூட்டி 59.6-ஆல் வகுத்தால் 8.4. டெக்கை 1 மிமீ ஆக்கினால் 8.9. டெக் 1.5-லேயே இருந்து, குழிவை 54 சிசி ஆகச் செதுக்கினால் 8.0.

அரை மில்லிமீட்டர் எவ்வளவு செய்கிறது பார்த்தீர்களா? டர்பன் வெயிலில், 95 ஆக்டேன் பெட்ரோலில், காற்றுக் குளிர்ச்சி எஞ்சினுக்கு 8.0 நிம்மதி. 8.5 வரை போகலாம், டைமிங்கை (பிளக் பொறி விடும் நேரத்தை) கவனமாக வைத்தால். மேட்டு நிலத்தில் காற்று மெலிந்திருப்பதால் உள்ளே அழுத்தம் குறையும், அங்கே பம்புகளில் 93 விற்பதும் இதனால்தான். ஆனால் ஜோஹன்னஸ்பர்க் கணக்குக்குக் கட்டிய எஞ்சின் விடுமுறைக்கு டர்பன் இறங்கினால் கடற்கரையில் தட்டும். இரண்டு ஊருக்கும் போகும் காரைக் கடற்கரைக் கணக்குக்குத்தான் கட்டவேண்டும்.

டெக்கை 1 மிமீக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள், சூட்டில் நீண்டு பிஸ்டன் ஹெட்டைத் தொடும். கம்ப்ரெஷனைக் குறைக்க டெக்கில் ஷிம் (மெல்லிய வளையத் தகடு) அடுக்கி 2 மிமீ ஆக்குவதும் தவறு. விளிம்பில் கலவை நசுங்கிச் சுழல்வது நின்று, தட்டல் இன்னும் சீக்கிரம் வரும். குழிவைச் செதுக்கியே குறையுங்கள்.

ஈயமில்லாத பெட்ரோலைப் பற்றிய கேள்வி இன்னும் வருகிறது. நம் நாட்டில் ஈயம் 2006-இல் நின்றுபோனது. இந்த அலுமினிய ஹெட்களில் வால்வு உட்கார எஃகு சீட் பொதித்தே வரும், அதனால் பயப்படவேண்டாம்.

8. கேம், லிஃப்டர், ராக்கர்

எங்கிள் கம்பெனியின் கேம்கள் இங்கே எல்லோருக்கும் பழக்கம். டபிள்யூ100 என்றால் வால்வு திறந்திருக்கும் கோணம் 276 டிகிரி, டபிள்யூ110 என்றால் 284, டபிள்யூ120 என்றால் 294. டிகிரி கூடக் கூடச் சக்தி மேல் சுற்றுக்கு நகரும், கீழே வெறுமையாகும். ஒற்றை கார்புரேட்டரே போதும் என்பவருக்கு டபிள்யூ100. இரட்டை கார்புரேட்டரோடு 1776 என்றால் டபிள்யூ110. 120-ஐ நகரத்துக் காரில் போட்டுவிட்டு, ரோபோவில் நிற்கும்போது குதிக்கிறது என்று குறை சொல்லாதீர்கள்.

புது கேமுக்குப் புது லிஃப்டர் (கேம் தள்ளும் பாகம்). பழைய லிஃப்டரின் முகம் பழைய கேமுக்குத் தேய்ந்து பழகியது, புதியதை ஒரே மணி நேரத்தில் தின்றுவிடும்.

கேமை மாற்ற மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கிறது. வால்வை அழுத்தும் கம்பெனி ராக்கரின் விகிதம் 1.1. அதற்குப் பதில் 1.25 ராக்கர் போட்டால் கேஸைப் பிரிக்காமலேயே வால்வு கூடுதலாகத் திறக்கும். லிஃப்டரிலிருந்து ராக்கருக்குப் போகும் புஷ் ராட் நீளத்தையும், ராக்கர் வால்வின் நடுவில் அழுத்துகிறதா என்பதையும் சரிபார்க்க மறக்கவேண்டாம்.

9. கார்புரேட்டர்

இப்போது அந்த அட்டைப்பெட்டியைத் திறக்கலாம்.

1600-க்குச் சுத்தம் செய்த சோலெக்ஸ் 34 பிக்ட் போதும். நடுவில் உட்காரும் வெபர் 32/36 மலிவு, ஆனால் அந்த நீண்ட மேனிஃபோல்டு குளிர்காலக் காலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் உறைந்து இருமும். மேனிஃபோல்டுக்குச் சூடு கொடுக்கும் குழாய் அடைபடாமல் இருந்தால் மட்டும் அதை யோசியுங்கள். 1776-க்கு இரட்டை வெபர் 34 ஐசிடி அல்லது காட்ரன் 40 நல்ல ஜோடி. வெபர் 40 ஐடிஎஃப் இன்னும் நல்லது, ஆனால் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளை) தேர்வு தெரிந்தவர் கையில்தான்.

இரட்டை கார்புரேட்டரில் எல்லோரும் இடறுவது லிங்கேஜில், அதாவது இரண்டையும் ஒன்றாகத் திறக்கும் கம்பிகளில். எஞ்சின் சூடாகும்போது இரண்டு பக்கமும் விரிந்து விலகும். குளிர்ந்திருக்கும்போது சமன் செய்த கார்புரேட்டர்கள் சூடானதும் ஒன்றுக்கொன்று முரண்டுபிடிக்கும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து சமன் செய்யுங்கள்.

மேட்டுக்குப் போகும்போது காற்று குறைவதால் கலவையில் பெட்ரோல் கூடிக் கெட்டியாகும். வார விடுமுறைக்கு அப்படியே போய்வரலாம், புகையும் கொஞ்சம் கூடுதல் பெட்ரோலும்தான் நஷ்டம். அங்கேயே குடியேறினால் மெயின் ஜெட்டை ஓரிரு அளவு குறையுங்கள். அந்த ஜெட்டோடு மறுபடி கடற்கரைக்கு இறங்கக்கூடாது. மெலிந்த கலவை சூடு, சூடு என்றால் மூன்றாம் சிலிண்டர்.

10. மற்றவை, சுருக்கமாக

எக்ஸாஸ்ட்டுக்கு நாலு குழாயை ஒன்றாகச் சேர்க்கும் எக்ஸ்ட்ராக்டர் போதும், குழாயின் விட்டத்தைப் பெரிதாக்க ஆசைப்படாதீர்கள்.

பிளக்குகளுக்கு மின்சாரம் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரில் 009 ரகத்துக்கு, வாக்யூமால் டைமிங்கை மாற்றும் வசதி கிடையாது. ஒற்றை சோலெக்ஸோடு போட்டால் மிதிக்கும்போது ஒரு தடுமாற்றம் வரும். பழைய வாக்யூம் டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறியாதீர்கள். 009 போட்டால் டைமிங்கை நிற்கும் சுற்றில் பார்க்காமல், 3,000 சுற்றுக்கு மேல் மொத்தம் 28 முதல் 30 டிகிரிக்குள் வையுங்கள்.

கிளட்ச் 180 மிமீ என்றால் 200 மிமீக்கு மாறுங்கள். ஃப்ளைவீலைப் பிடிக்கும் கிளாண்ட் நட்டுக்கு 217 அடி-பவுண்டு. நீண்ட குழாய் மாட்டி உத்தேசமாக முறுக்கினால் என்றாவது ஒருநாள் ஃப்ளைவீல் தளரும்.

பிரேக்கைப் பற்றி விவாதமே இல்லை. நாலு பக்கமும் டிரம் உள்ள காரை 1776-ஆல் ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஏற்றிவிடலாம், இறக்குவதுதான் பிரச்சினை. முன்பக்கம் டிஸ்க் போட்ட பிறகு எஞ்சின் வேலையைத் தொடுங்கள்.

11. முதல் இருபது நிமிடமும் முதல் 500 கிலோமீட்டரும்

பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றுங்கள். பிறகுதான் பிளக், பிறகுதான் பெட்ரோல். வறண்ட பேரிங்கோடு எஞ்சினை எழுப்புவது வெறும் வயிற்றில் கள் குடிப்பது மாதிரி.

எழுந்ததும் 2,000 முதல் 2,500 சுற்றில் இருபது நிமிடம் விடாமல் வையுங்கள். கேமும் லிஃப்டரும் ஒன்றுக்கொன்று பழகும் நேரம் இது. சுற்று குறைந்தால் கேமுக்கு ஆயில் தெறிக்காது. அதனால் டைமிங்கும் பெட்ரோல் மட்டமும் முன்கூட்டியே சரியாக இருக்கவேண்டும். இந்த இருபது நிமிடத்தில் நின்று நின்று எழுப்பிய எஞ்சின்களில் கேம் வழுக்கை விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். துத்தநாகம் சேர்த்த 20டபிள்யூ50 கனிம ஆயில் போடுங்கள், விலையுயர்ந்த சிந்தெட்டிக் இப்போது வேண்டாம்.

அணைத்து, முழுக்க ஆறவிட்டு, ஆயிலை மாற்றுங்கள். அதில் வெள்ளிப் பொடி மினுமினுத்தால் வழக்கம், செதில் கிடந்தால் பிரியுங்கள். ஆறிய எஞ்சினில் வால்வு இடைவெளி 0.15 மிமீ, எட்டுக்கும். 500 கிலோமீட்டரில் மறுபடி அளந்து எழுதி வையுங்கள். ஒரே வால்வில் மட்டும் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால், அந்த வால்வு நீள்கிறது அல்லது சீட் அமிழ்கிறது. திருகிச் சரிசெய்துவிட்டுப் போகாதீர்கள், ஹெட்டைக் கழற்றுங்கள். அது மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட்டாக இருந்தால் ரப்பர் சீலை முதலில் போய்ப் பாருங்கள்.